எங்கள் எண்ணெய் ஏன் மிச்சிகன் வழியாக வருகிறது?

போன எபிசோட்டில் நான் ஒரு பிழை விட்டேன். அமெரிக்க வரிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "எண்ணெயில் எங்களுக்குக் கவலையே இல்லை, கனடா தனக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே எடுக்கிறது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கணக்குப்படி அது சரிதான். கனடா ஒரு நாளைக்குச் சுமார் 50 இலட்சம் பீப்பாய் மசகு எண்ணெய் எடுக்கிறது, அதில் 40 இலட்சமளவில் ஏற்றுமதி செய்கிறது. ஆனால் கணக்கு சரியாக இருந்தும் சொன்னது பிழை. அதைக் கண்டுபிடித்தது எங்கள் கேட்பாளர்களில் ஒருவர். என் அப்பா.

வேலைக்குப் போகும் வழியில் காரில் கேட்டிருக்கிறார். மத்தியானம் போன் வந்தது.

"பிள்ளை, எங்கட எண்ணெய் எண்டு சொல்லுறாய். அது எந்த வழியால இஞ்ச வருது எண்டு பாத்தனியோ?"

பார்க்கவில்லை. குழாயால் வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான். அன்று இரவு வரைபடத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. எபிசோட்டில் இதைத் திருத்த ஐந்து நிமிடம் போதாது, அதனால் எழுதுகிறேன்.

ரொறன்ரோப் பக்கத்தில் நாங்கள் அடிக்கும் பெற்றோல் பெரும்பாலும் சார்ணியா, நான்ரிகோக், மொன்றியல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வருகிறது. அந்த ஆலைகளுக்கு மேற்கிலிருந்து வரும் மசகு எண்ணெய் அல்பேர்ட்டாவில் புறப்பட்டு, மனிற்றோபாவுக்குப் பிறகு எல்லையைத் தாண்டி, மினசோட்டா, விஸ்கொன்சின் போய், மிச்சிகனைக் கடந்து, திரும்பவும் எல்லை தாண்டிச் சார்ணியாவுக்குள் வருகிறது. இதில் முக்கியமான ஒரு கிளைக்குப் பெயர் 'லைன் 5'. 1953இல் போட்டது. ஒரு நாளைக்கு 5 இலட்சத்து 40 ஆயிரம் பீப்பாய் கொண்டுபோகக்கூடியது. மிச்சிகன் ஏரியும் ஹியூரன் ஏரியும் சந்திக்கும் மக்கினோ நீரிணையில் அது இரண்டு குழாய்களாகப் பிரிந்து ஏரியின் அடித்தளத்தில் கிடக்கிறது. சார்ணியாவிலிருந்து மொன்றியலுக்குப் போகும் 'லைன் 9'க்கும் இதே வழியால் வரும் எண்ணெய்தான். ஆகவே கியூபெக்கும் எங்களோடு சேர்த்தி.

எங்கள் சொந்த எண்ணெய் எங்களிடம் வருவதற்கு இன்னொரு நாட்டின் அனுமதி வேண்டும். 2020 நவம்பரில் மிச்சிகன் ஆளுநர் கிரெச்சன் விற்மர், குழாயை 2021 மே மாதத்துக்குள் மூடச் சொன்னபோது ஒட்டாவாவில் பலர் திடுக்கிட்டது அதனால்தான். குழாயின் சொந்தக்காரரான என்பிரிட்ஜ் நிறுவனம் மூடவில்லை, வழக்கு நடந்தது. கனடா அரசு 1977இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட குழாய் ஒப்பந்தத்தைத் தூசு தட்டி எடுத்து, 2021 ஒக்ரோபரில் அதன்படி பேச்சுவார்த்தை கேட்டது. எல்லை தாண்டும் குழாயை இரு பக்கத்திலும் எந்த அரச அதிகாரமும் தடுக்கக்கூடாது என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் சாரம். அது எழுதப்பட்ட காலத்தில் அலாஸ்கா எரிவாயுவைக் கனடா வழியாகக் கொண்டுவரும் யோசனை இருந்தது. அப்போது பயந்த பக்கம் அமெரிக்கா.

விற்மரைக் குறை சொல்வதும் இலேசில்லை. 2010 ஜூலையில் இதே நிறுவனத்தின் 'லைன் 6பி' மிச்சிகனில் மார்ஷல் என்ற ஊருக்குப் பக்கத்தில் வெடித்தது. எட்மன்டனில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. குழாய்க்குள் வெற்றிடம் விழுந்துவிட்டது, அழுத்தம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து இரண்டு முறை பம்பைத் திரும்பப் போட்டார்கள். கலமசூ ஆற்றில் கலந்த எண்ணெயில் பெரும்பகுதி அந்த இரண்டு முறையும் பம்ப் பண்ணியதுதான். 17 மணித்தியாலத்துக்குப் பிறகு, வெளியிலிருந்து ஓர் எரிவாயு நிறுவன ஊழியர் போன் எடுத்துச் சொன்ன பிறகே நிறுத்தினார்கள். கண்காணிப்பு மென்பொருள் வேலை செய்தது. அது சொன்னதை ஆட்கள் வேறுமாதிரி விளங்கிக்கொண்டார்கள். (டாஷ்போர்ட் கட்டுகிறவர்கள் இதற்கு ஒரு தனி எபிசோட் கேட்பார்கள் என்று தெரியும். வரும்.) 2018இல் ஒரு படகு இழுத்துவந்த நங்கூரம் லைன் 5ஐயே உரசிவிட்டுப் போனது. உலகின் மிகப்பெரிய நன்னீர்த் தேக்கங்களில் ஒன்றுக்குக் கீழே 1953ஆம் ஆண்டுக் குழாய். மிச்சிகன்காரருக்கு அது பயமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, ஏன் முதலிலேயே அந்த வழியால் போட்டார்கள்? இங்கேதான் எனக்குக் கதை சுவாரசியமாகியது.

1947இல் அல்பேர்ட்டாவில் லெடுக் என்ற இடத்தில் பெரிய எண்ணெய் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. 1950இல் முதல் குழாய் விஸ்கொன்சினில் சுப்பீரியர் ஏரிக்கரை வரைக்கும் வந்தது. அங்கிருந்து கப்பலில் சார்ணியாவுக்கு. மாரியில் ஏரி உறைந்தால் கப்பல் ஓடாது. அதனால் 1953இல் குழாயைச் சார்ணியா வரை நீட்டினார்கள். கனடா மண்ணாலேயே கொண்டுவருவதென்றால் வட ஒன்ராறியோவின் பாறையையும் சேற்றையும் உடைத்துக்கொண்டு வரவேண்டும். அமெரிக்கப் பக்கம் குறுகிய வழி, மலிவான வழி. சந்தை மலிவைத் தேர்ந்தெடுத்தது, அரசும் விட்டுவிட்டது.

மூன்று வருடம் கழித்து எரிவாயுக் குழாய்க்கு இதே கேள்வி வந்தது. இந்த முறை ஒட்டாவா மாறிச் சொன்னது: கனடா மண்ணாலேயே வரவேண்டும். வட ஒன்ராறியோப் பகுதியைத் தனியார் கட்ட மாட்டார்கள், இலாபம் வராது. அதனால் அரசே ஒரு கூட்டுத்தாபனம் அமைத்து அந்தத் துண்டைக் கட்டியது, மேற்குத் துண்டுக்குக் கடனும் கொடுக்க முன்வந்தது. 1956 மே, ஜூன் மாதங்களில் பாராளுமன்றத்தில் நடந்த விவாதம் கனடா வரலாற்றில் பெயர்போனது. அரசாங்கம் விவாதத்தை வலுக்கட்டாயமாக முடித்துவைத்தது, எதிர்க்கட்சிகள் கொதித்தன, அடுத்த வருடத் தேர்தலில் 22 வருடமாக ஆட்சியிலிருந்த லிபரல் கட்சி தோற்றது. குழாய் 1958இல் முடிந்தது.

ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். ஒரு குழாய் மலிவான வழியால் போனது, மற்றது மானியம் வாங்கிய வழியால் போனது. 2020இல் ஒரு ஆளுநர் கடிதம் எழுதியதும் ஆடியது முதலாவது.

இதைப் படித்துவிட்டு, "அப்ப அப்பா சொன்னது சரி, மானியம் கொடுத்திருக்க வேண்டும்" என்று நானும் ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் இன்னொன்று கண்ணில் பட்டது. 2012இலிருந்து தென் ஒன்ராறியோ நயாகராவுக்கு அப்பாலிருந்து அமெரிக்க எரிவாயு வாங்குகிறது. பென்சில்வேனியாவின் ஷேல் எரிவாயு பக்கத்தில் இருக்கிறது, மலிவு. ஒரு ஆட்சியையே ஆட்டிய அந்தக் கனடா வழிக்குழாய் அப்படியே இருக்கிறது, நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய் மலிவானதை வாங்குகிறோம். மானியம் வழியைக் கட்டித் தரும். அந்த வழியால் ஆட்கள் வருவார்களா என்பதை விலைதான் சொல்லும்.

எண்ணெய்க்கு மானியம் என்ற சொல்லே கனடாவில் ஒரு பத்து வருடம் மிகவும் வெளிப்படையாக இருந்தது. 1961இன் தேசிய எண்ணெய்க் கொள்கைப்படி ஒட்டாவாப் பள்ளத்தாக்குக்கு மேற்கே அல்பேர்ட்டா எண்ணெய், கிழக்கே வெனிசுவேலாவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வரும் மலிவான இறக்குமதி. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் கிழக்கின் மலிவு போய்விட்டது. ஒட்டாவா என்ன செய்தது? அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் எண்ணெய்க்கு வரி போட்டது. அந்தக் காசைக் கொண்டு கிழக்கே இறக்குமதி செய்கிறவர்களுக்கு விலை வித்தியாசத்தைக் கொடுத்தது. நாடு முழுக்க ஒரே விலை, உலக விலையைவிடக் குறைவு. கிழக்கில் இருந்தவர்களுக்கு நிம்மதி. அல்பேர்ட்டாவில் இருந்தவர்களுக்கோ, தங்கள் எண்ணெயைப் பாதி விலைக்கு எடுத்துப் பணக்கார ஒன்ராறியோவுக்குக் கொடுப்பதுபோல. 1980 ஒக்ரோபரில் பியர் ட்ரூடோ தேசிய எரிசக்தித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அது வெடித்தது. அல்பேர்ட்டா முதல்வர் பீற்றர் லொகீட் எண்ணெய் உற்பத்தியையே படிப்படியாகக் குறைத்தார். கிழக்கில் இருக்கிறவர்கள் இருட்டில் குளிரில் விறைக்கட்டும் என்று காரின் பின்பக்கம் ஸ்ரிக்கர் ஒட்டினார்கள். 1985இல் மல்ரோனி அரசு அதைக் கலைத்து விலையைச் சந்தையிடம் விட்டது.

என் மச்சான் ஃபோர்ட் மக்மரியில் எட்டு வருடமாக வேலை செய்கிறான். 1980இல் அவன் பிறக்கவே இல்லை, அவனுடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்தில். ஆனால் அந்தத் திட்டத்தைப் பற்றி நேற்று நடந்ததுபோல் கோபப்படுவான். ஊர்க் கோபமும் குளிர்போலத்தான், போய் இருந்தால் எலும்புக்குள் இறங்கிவிடும்.

1985க்குப் பிறகு கதை தலைகீழானது. 1989இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க-கனடா சுதந்திர வர்த்தக உடன்படிக்கையிலும், பிறகு நஃப்ராவிலும், 'விகிதாசார' விதி ஒன்று இருந்தது. கனடா எண்ணெயையோ எரிவாயுவையோ தனக்கென்று மறித்துவைக்க நினைத்தால், கடந்த 36 மாதங்களில் மொத்த வழங்கலில் அமெரிக்காவுக்கு எத்தனை வீதம் போனதோ அந்த வீதத்தைக் குறைக்கக்கூடாது. தட்டுப்பாடு வந்தாலும் பங்கு பங்குதான். மெக்சிகோ அந்த விதிக்குக் கையெழுத்துப் போடவில்லை, கனடா போட்டது. 2020 ஜூலையில் புதிய உடன்படிக்கை வந்தபோது அந்த விதி போய்விட்டது. ஆனால் சட்டம் போனாலும் குழாய் போகவில்லையே. மேற்கின் குழாய்களில் பெரும்பாலானவை தெற்கே போகும்படிதான் கட்டப்பட்டிருக்கின்றன. 2023இலும் ஏற்றுமதியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அமெரிக்காவுக்கே.

மென்பொருளில் ஒரே கிளவுட் நிறுவனத்தோடு மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே வாடிக்கையாளருக்கு விற்கிறவனுக்கும் அதேதான். 2018இன் கடைசி மாதங்களில் குழாய்களில் இடம் போதாமல், அல்பேர்ட்டாவின் கனமான எண்ணெய் அமெரிக்க எண்ணெயைவிடப் பீப்பாய்க்கு 40 அமெரிக்க டொலருக்கு மேல் குறைவாக விலை போனது. கனமானது என்பதற்காக எப்போதும் கொஞ்சம் குறையும், அது இயல்பு. இவ்வளவு குறைந்தது வேறு வழி இல்லாததால். 2019 ஜனவரியிலிருந்து உற்பத்தியைக் குறைக்கும்படி அல்பேர்ட்டா அரசே உத்தரவிட வேண்டிவந்தது.

அதே 2018இல் ஒட்டாவா ட்ரான்ஸ் மவுன்ரன் குழாயை 4.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. எட்மன்டனிலிருந்து பசிபிக் கரை வரைக்கும், ஆசியாவுக்கு ஒரு வாசல். 3 இலட்சம் பீப்பாயை 8 இலட்சத்து 90 ஆயிரமாக்கும் விரிவாக்கத்துக்கு 2017இல் போட்ட மதிப்பீடு 7.4 பில்லியன். 2024 மே மாதம் திறந்தபோது செலவு 34 பில்லியனளவில். 2022இலேயே பாராளுமன்ற வரவுசெலவு அலுவலர் இதில் அரசுக்கு நட்டம்தான் என்று எழுதிவிட்டார். ஒட்டாவா இதை 'முதலீடு' என்கிறது. என்னைக் கேட்டால், தனியார் கைவிட்டதை வரிப்பணத்தில் கட்டி, செலவு முழுவதையும் கட்டணத்தால் எடுக்க முடியாவிட்டால், அதற்குப் பெயர் மானியம். தயங்காமல் சொல்லலாம். அதே நேரம் இதையும் சொல்லவேண்டும்: குழாய் திறந்த பிறகு அந்த விலை வித்தியாசம் சுருங்கியது, ஆசியாவுக்குக் கப்பல்கள் போகின்றன. மச்சான் இதைத்தான் வாட்ஸ்அப்பில் எனக்கு மூன்று தரம் அனுப்பினான், கடைசித் தரம் சிரிப்பு முகத்தோடு.

மானியம் எது என்பதிலேயே சண்டை இருக்கிறது. 2009இல் பிற்ஸ்பர்க் ஜி20 மாநாட்டில் 'திறனற்ற' எரிபொருள் மானியங்களை நிறுத்துவதாகக் கனடாவும் வாக்குக் கொடுத்தது. திறனற்றது எது என்று கனடா விளக்கம் வெளியிட்டது 2023 ஜூலையில். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத 14 வருடம். சர்வதேச நாணய நிதியம் இன்னும் அகலமாக எண்ணுகிறது: புகையாலும் வெப்பமாதலாலும் வரும் சேதத்துக்கு விலை வாங்காமல் விடுவதும் மானியம்தான் என்பது அதன் கணக்கு. அதன்படி 2022இல் உலகம் முழுக்க 7 ட்ரில்லியன் அமெரிக்க டொலர். அரசுகள் வெளிப்படையாகக் கொடுத்தது அதில் 1.3 ட்ரில்லியன் மட்டும். இந்தக் கணக்கில் பார்த்தால் 2025 ஏப்ரல் 1ஆம் திகதி லீற்றருக்கு 17.6 சதம் காபன் கட்டணம் நீங்கியபோது பெற்றோல் நிலையத்தில் வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் மானியம் வாங்கினோம். நானும் நின்றேன்.

வரி விசயத்துக்குத் திரும்பிவருகிறேன், போன எபிசோட் அதைப் பற்றித்தானே. 2025 மார்ச்சில் ட்ரம்ப் கனடாப் பொருட்களுக்கு 25 வீதம் போட்டபோது எரிசக்திக்கு மட்டும் 10 வீதம் போட்டார். சில நாட்களிலேயே உடன்படிக்கைக்கு உட்பட்ட பொருட்களுக்கு விலக்கும் வந்தது. ஏன் எண்ணெய்க்கு மட்டும் கை நடுங்கியது? அமெரிக்கா உலகிலேயே அதிகமாக எண்ணெய் எடுக்கும் நாடு, ஆனால் அதன் ஷேல் எண்ணெய் மெல்லியது. மத்திய மேற்கின் ஆலைகள் பல பில்லியன் செலவில் கனமான எண்ணெயை உடைக்கும்படி மாற்றப்பட்டவை. அந்தக் கனமான எண்ணெய் அல்பேர்ட்டாவிலிருந்துதான் வருகிறது. இன்னொரு பக்கம், அல்பேர்ட்டாவின் பிற்றுமன் தானாகக் குழாயில் ஓடாது, தேன்போல் கெட்டி. மெல்லிய திரவம் கலந்தால்தான் ஓடும். அந்தத் திரவத்தில் ஒரு பங்கு அமெரிக்காவிலிருந்து குழாயால் வருகிறது. அவர்கள் திரவம் எங்கள் எண்ணெயை ஓட வைக்கிறது, எங்கள் எண்ணெய் அவர்கள் ஆலையை ஓட வைக்கிறது. இதில் யார் யாரில் தங்கியிருக்கிறார்கள்?

இதை ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் விளக்கினேன். மச்சானும் வீடியோ கோலில். "ரெண்டு பேருக்கும் தேவை இருக்கேக்குள்ள ஒருத்தரும் வெட்டமாட்டினம்" என்றேன். சுதந்திர வர்த்தகத்துக்கு ஆதரவான வாதங்களில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஊர்க் கதை சொன்னார். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை. பழைய மொரிஸ் மைனரையும் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ரோட்டெல்லாம் புகை. மண்ணெண்ணெயும் இலேசில் கிடைக்காது, விலை கண்டபடி. ரேடியோ கேட்கச் சைக்கிள் டைனமோவை ஆளுக்கு ஆள் மாறிச் சுற்றினார்கள்.

"வெட்டினவனுக்கும் அதால நட்டம்தான் பிள்ளை. கடைக்காரருக்கு நட்டம், லொறிக்காரருக்கு நட்டம். எண்டாலும் வெட்டினவங்கள் தானே."

எனக்குப் பதில் வரவில்லை. மச்சான் உடனே பிடித்துக்கொண்டான்: "அதுதான் மாமா, எனர்ஜி ஈஸ்ற் கட்டியிருக்கோணும்." 4,500 கிலோமீற்றர், அல்பேர்ட்டாவிலிருந்து நியூ பிறன்ஸ்விக் வரை. 1950களில் தொடங்கிய அதே எரிவாயுக் குழாய்த் தொகுதியில் ஒரு பகுதியை எண்ணெய்க்கு மாற்றும் திட்டம் அது. கியூபெக்கில் கடும் எதிர்ப்பு, எண்ணெய் விலையும் விழுந்தது, 2017 ஒக்ரோபரில் நிறுவனம் கைவிட்டது. இப்போது திரும்பவும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

நான் அதற்கு ஆதரவில்லை, ஏனென்று சொல்கிறேன். அப்பா கேட்பது காப்புறுதி. காப்புறுதி எடுக்கலாம், ஆனால் தவணைப் பணம் எவ்வளவு, எத்தனை வருடம் என்று கேட்கவேண்டும். ட்ரான்ஸ் மவுன்ரன் ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் புதுக் குழாய், 34 பில்லியன். எனர்ஜி ஈஸ்ற் அதைவிடப் பல மடங்கு நீளம், பழைய குழாய் ஒரு பகுதிக்கு உதவினாலும். கட்டி முடித்த பிறகு நாற்பது வருடமாவது ஓடினால்தான் காசு திரும்பும். அந்த நாற்பது வருடத்தில் ஸ்காபரோவில் எத்தனை கார் பெற்றோலில் ஓடும்? அதே பயத்துக்கு வேறு காப்புறுதியும் இருக்கிறது: ஒன்ராறியோவில் கூடுதல் சேமிப்புத் தாங்கிகள், மொன்றியலுக்குக் கப்பலால் வரும் வழியைத் தயாராக வைத்திருப்பது, பிறகு மின்சாரம். ஒன்ராறியோவின் மின்சாரத்தில் பாதியளவு அணுவிலிருந்து, கால் பங்களவு நீரிலிருந்து. அதற்கு மிச்சிகனைக் கேட்கத் தேவையில்லை.

மச்சான் இதை ஏற்கவில்லை. தன் வேலையை வைத்து நான் பகிடி விடுவதாக நினைக்கிறான் போல, இரண்டு நாளாகக் குறுஞ்செய்திக்குப் பதில் இல்லை. அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: ஒன்ராறியோவின் மின்காருக்கும் பற்றரி ஆலைக்கும் போகிற காசு முதலீடு, அல்பேர்ட்டாக் குழாய்க்குப் போகிற காசு மானியம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே கோபம் வராமல் என்ன செய்யும்? இரண்டையும் ஒரே பெயரால்தான் கூப்பிடவேண்டும். அடுத்த எபிசோட்டில் அவனையே கூப்பிட்டுக் கேட்கப்போகிறேன், வந்தால்.

லைன் 5 இப்போதும் ஓடுகிறது. நீரிணைக்குக் கீழே சுரங்கம் வெட்டிப் புதுக் குழாய் போடும் திட்டத்துக்கு மிச்சிகனின் பொதுச் சேவை ஆணைக்குழு 2023 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. வழக்குகள் இன்னும் நடந்தன.

அப்பாவின் கொரோலாவில் பெற்றோல் முள் பாதிக்குக் கீழே போய் நான் கண்டதேயில்லை. சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டில் இறக்கிவிட வந்தபோதும், முள் முக்காலில் நிற்க, பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பினார்.